டிரஸ்ஸர் ஐயாவின் காரில் எண் தேடிய நாள்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுவது.

நான் வேலையை விட்டு நின்ற அன்று கேக் வாங்கி வைத்து, இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். அந்தக் கேக்கின் மேல் சிவப்பில் ஒரு சின்ன கார் வரைந்திருந்தது. இதற்கு எண் எங்கே பொறித்திருப்பார்கள் என்று பார்த்தபடியே நின்றுவிட்டேன். எல்லாரும் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். அன்று வாயில் வராததை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் நம் மெக்கானிக் கணேசன் திருத்திக் கொடுப்பார்.

பழைய கார்களில் இரும்பில் குத்திய சேசிஸ் எண் எங்கே இருக்கும், அதே எண் பொறித்த தகடு எங்கே இருக்கும் என்பதற்கெல்லாம் உங்களிடம் படம் போட்ட புத்தகம் இருக்கிறது. போனில் தட்டினாலும் வருகிறது. அதனால் அதை நான் எழுதப் போவதில்லை. படம் காட்டிய இடத்தில் எண் இல்லாமல் போன ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

நான் முதலில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள். பட்டைக்குள் உளி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அளவுகோல் கிடையாது. கொஞ்சம் மேலே நின்றால் பால் வராது. கொஞ்சம் உள்ளே போனால் மரத்துக்குக் காயம். பனி இறங்கியிருக்கும் விடியலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கைதான் பார்க்கும். தோட்டத்தில் ஆள் குறைத்தபோது, லுக்குட்டில் இந்தப் பட்டறைக்குக் கூட்டிப் பெருக்க வந்தேன். ஒரு நாள் நான் பழைய கதவொன்றை உப்புத்தாளால் தேய்ப்பதை அப்போதைய தவுக்கே, இப்போதைய முதலாளியின் அப்பா, வெகுநேரம் பார்த்தார்.

"மரம் சீவுற கையா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். மறுநாளிலிருந்து எண் தேடுவது என் வேலையாகிவிட்டது.

அந்தக் கையை நம்பாமல் நான் ஒரு காரைக் கெடுத்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

லாரி ஓட்டும் ஒருவர் தன்னுடைய பழைய காரைக் கொண்டு வந்தார். எண் இருந்த இரும்பின் மேல் நாலைந்து பூச்சுச் சாயம். விரலை வைத்ததுமே தெரிந்துவிட்டது, சாயத்துக்குக் கீழே இரும்பு இல்லை, வெறும் துரு, பப்படம் போல. அப்போதிருந்த மெக்கானிக், "நல்லா அழுத்தித் தேய், சீக்கிரம் ஆகட்டும்" என்றார். ஆம்பளைகள் நாலு பேர் நின்றிருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. கம்பி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தேன். எண் துகளாகக் கொட்டி என் மடியில் விழுந்தது.

எண் இல்லாத காருக்கு அனுமதி கிடையாது, அந்தக் கார் அதன் பிறகு சாலைக்குப் போகவே இல்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் நின்று, அதன் மேல் சுரைக்கொடி படர்ந்தது. பசாரில் காய்கறி வாங்கப் போய்ப் பார்க்கும்போதெல்லாம் அவர், "சாப்பிட்டாச்சாம்மா?" என்று மட்டும் கேட்பார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தவுக்கேயும் திட்டவில்லை. என் மடியில் கிடந்த துருவைப் பார்த்தார். "கை சொல்லிச்சு இல்ல? வாய் ஏன் சொல்லல?" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

இனி டிரஸ்ஸர் ஐயாவின் கார்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருடம் அது. ஸ்டெல்லா என்று ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண் பட்டறைக்கு வந்தார். கோலா சாவாப் பக்கம் நான் வேலை செய்த தோட்டத்தில் டிரஸ்ஸராக இருந்தவரின் மகள். டிரஸ்ஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர். ஊசி போடுவது, மருந்து கலக்குவது, முடியாதவர்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போர்ட்டிக்சன் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எல்லாம் அவர்தான். அவர் இறந்துபோயிருந்தார். தோட்டமும் கைமாறி, வீடு கட்டப் போகிறவர்களிடம் போயிருந்தது. கார் மட்டும் பழைய புகைக் கொட்டகையில் நின்றது. மறுநாள் காலையில் கொட்டகையை இடிக்க இயந்திரம் வருகிறது. அதற்குள் காரை வெளியே எடுத்து, தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார் ஸ்டெல்லா.

அன்று மாலை மூன்று மணிக்குச் சோதனை நிலையத்தில் நேரம் வாங்கியிருந்தது. அங்கே காரில் இருக்கும் எண்ணையும் கிராண்டில் இருக்கும் எண்ணையும் ஒப்பிடுவார்கள். கிராண்ட் என்று நாம் சொல்லும் அந்தப் பதிவு அட்டையோடு ஒத்துப்போனால் கார் பிழைத்தது.

கணேசன், நான், ஸ்டெல்லா மூன்று பேரும் போனோம். பின்னாலேயே கார் ஏற்றும் லாரி வந்தது.

கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. ரப்பர் சீட்டுக்குப் புகை போட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் அந்த வாடை சுவரிலேயே இருந்தது. தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நூல்களுக்கு நடுவில் முதுகு வளைந்த அந்தச் சின்னக் கார், பச்சை நிறத்தில், தண்ணீருக்கு அடியில் இருப்பது போல நின்றது. வெளியே எங்கோ ரப்பர் காய் வெடித்து விழுந்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு கிராண்டு இருக்கா?" என்று கோழியைப் பார்த்துக் கேட்டார் கணேசன். ஸ்டெல்லா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அத்தோடு சரி.

என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் சுவரில், தகடு இருக்க வேண்டிய இடத்தில் தகடு இருந்தது. இரண்டு திருகு, கையளவு அலுமினியம். நான் துடைத்து, எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் ஐந்து, அப்புறம் ஒன்று. கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். கிராண்டைப் பிரிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். இது என் பழக்கம். கிராண்டை முதலில் பார்த்துவிட்டால், இரும்பில் இருக்கும் மூன்று கூட எட்டாகத் தெரியும். மனசுக்கு வேண்டியதைக் கண் எழுதிக்கொள்ளும்.

உள்ளே கிராண்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கணேசன் குரல் கேட்டது.

"அக்கா, கடைசி எண்ணு ஒத்துப்போகல."

மற்ற எல்லாம் சரி, கடைசி ஒன்று மட்டும் வேறு. என்ஜின் எண் கிராண்டோடு ஒத்துத்தான் போனது. ஆனால் அந்தக் காலத்து என்ஜினை இறக்கி ஏற்றுவது சட்டை மாற்றுவது போல. என்ஜினின் எண் காருக்குப் பெயர் ஆகாது.

ஸ்டெல்லா கிராண்டை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். "அப்படின்னா என்ன அர்த்தம் தம்பி?"

"ஒண்ணும் இல்லலா. எங்கயோ எழுதுறப்ப தப்பாயிருக்கும்."

"என்கிட்ட மறைக்காதீங்க."

கணேசன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வேற காடிக்கு இந்த கிராண்ட வச்சு ஓட்டினாங்கன்னு நெனைப்பாங்க. அங்க உள்ளவங்க அப்படித்தான் கேப்பாங்க."

"திருட்டுக் காருன்னு."

கணேசன் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"பாரோய் வீட்டுல அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க," என்றார் ஸ்டெல்லா. "ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு இந்தக் காருலதான் போகணும்னு வெள்ளச் சேலை எடுத்து வச்சிருக்காங்க. நாப்பது வருஷமா அப்பா திருட்டுக் காருலதான் நம்மள பூசைக்குக் கூட்டிட்டுப் போனாருன்னு நான் போய்ச் சொல்லணுமா?"

கணேசன் நல்ல மனுஷர். அதனால்தான் அடுத்ததைச் சொன்னார். "ஒரே ஒரு எண்ணுதானே. தகட்டக் கழட்டிட்டு வேற தகட்டுல கிராண்ட்ல உள்ளத குத்தி மாட்டிடலாம். தெரிஞ்ச ஆள் ஒருத்தர் லுக்குட்டுல இருக்காரு. அர மணி நேர வேல."

சொல்லிக்கொண்டே திருகையும் கழற்றிவிட்டார். தகடு அவர் கையில் வந்தது. தகடு இருந்த இடத்தில், அதற்குக் கீழேயும் அதே பச்சை.

பிள்ளைகளே, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். தகட்டைப் படிப்பதற்கு முன்னால், தகட்டுக்குக் கீழே இருக்கும் சாயத்தைப் பாருங்கள். பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கும் தகடு என்றால், அதற்குக் கீழே காரின் முதல் சாயம் இருக்கும். இந்தக் காரின் முதல் சாயம் சாம்பல். கதவு மூலையில் உரிந்த இடத்தில் பார்த்திருந்தேன். அப்படியானால் பச்சை அடித்த அன்று இந்தத் தகடு இங்கே இல்லை.

"கீழயும் பச்ச," என்றேன்.

"அதுக்கென்னக்கா?"

எனக்கு அதற்கு மேல் கோவையாகச் சொல்ல வரவில்லை. ஸ்டெல்லாவிடம் கேட்டேன், "எப்ப பச்ச அடிச்சது?"

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ. கிறிஸ்மஸுக்கு. சின்ன துரை காருக்கும் அப்பா காருக்கும் சேர்த்து என்ஜின் கொட்டகையில அடிச்சாங்க. ரெண்டும் தோட்டத்துல ஒண்ணா வாங்கின காரு. அப்புறம்தான் இத அப்பா தன் பேருக்கு வாங்கிக்கிட்டாரு."

சின்ன துரை என்றால் தோட்டத்து உதவி மேனேஜர். எங்கள் தோட்டத்து என்ஜின் கொட்டகையை நான் பார்த்திருக்கிறேன். சாயம் அடிப்பதென்றால் கழற்றியதையெல்லாம் ஒரே மண்ணெண்ணெய் டின்னில் போட்டு ஊற வைப்பார்கள். திருகு, பூட்டு, பொத்தான், தகடு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். எது எந்த வண்டியுடையது என்று யாரும் பார்ப்பதில்லை. கையில் வந்ததை எடுத்து மாட்டுவார்கள். ஒன்றாக வாங்கிய இரண்டு கார் என்றால் எண்களும் அக்கம் பக்கமாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் என் தலைக்குள் ஓடியது. ஆனால் ஓடினால் போதுமா? அது நினைப்பு. இரும்பில் இல்லாதவரைக்கும் நினைப்புக்கு மதிப்பில்லை.

"இரும்புல இருக்கும்," என்றேன்.

"எங்கக்கா இருக்கும்? தரையெல்லாம் பார்த்தாச்சு. பாதிக்கு மேல ஓட்டை, தகரம் வச்சு அடைச்சிருக்கு." கணேசன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கெடைச்சு, அதுவும் தகட்டுல உள்ள மாதிரியே ஒண்ணுன்னு முடிஞ்சா என்ன பண்ணுவீங்க? அப்புறம் சந்தேகம் இல்ல, உண்மையாயிடும்லா. தேடாம விட்டா நல்லது," என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்த இடத்தில் நான் முடிவெடுக்கக் கூடாது. நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் கிராண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"தேடுங்கக்கா," என்றார்.

கோழியைத் தூக்கி வெளியே விட்டேன். அது என்னைத் திட்டிக்கொண்டே போனது. முட்டைகளை என் துண்டில் வைத்துவிட்டு, பின் பக்கம் ஏறி, சீட்டுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். அப்போது மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சு எதுவும் கேட்காது. கணேசனும் ஸ்டெல்லாவும் வாசலில் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

தரையில் அப்படி உட்கார்ந்து முன் சீட்டின் முதுகைப் பார்த்தேன். இதே உயரத்தில் இருந்து இதே முதுகை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, நிறைமாதம். சீவிக்கொண்டிருந்த மர நிரையிலேயே வலி வந்துவிட்டது. டிரஸ்ஸர் ஐயா இந்தக் காரில் ஏற்றினார், அப்போது இது சாம்பல் நிறம். செம்மண் சாலையில் கார் குதித்தது. சீட்டில் இருக்க முடியாமல் கீழே சரிந்து விட்டேன். பிடிக்க எதுவும் இல்லை. இடது பக்கத்து முன் சீட்டுக்கு அடியில் குறுக்கே ஓர் இரும்பு போகும், அதைப் பிடித்தேன். ஐயா திரும்பிப் பார்க்காமலே, "பல்லைக் கடிக்காதம்மா. எதையாச்சும் எண்ணிக்கிட்டே வா," என்றார். அந்த இரும்பின் பின் பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. நகத்தால் அதை எண்ணினேன். பத்து. திரும்பவும் எண்ணினேன். பத்து. கடைசிக் குழியில் நகம் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். லுக்குட் முச்சந்தியைத் தாண்டுவதற்குள் என் மூத்தவன் பிறந்துவிட்டான்.

இத்தனை வருடம் எண் தேடும் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பத்துக் குழியும் எண் என்று ஒரு நாள் கூட எனக்குத் தோன்றியதில்லை.

கையை உள்ளே விட்டேன். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த இரும்பின் முன் பக்கம் மட்டும்தான் தெரியும். பின் பக்கம் பச்சைச் சாயம் கெட்டியாக அப்பியிருந்தது. விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மெதுவாக, பட்டையைத் தடவுவது போலத் தடவினேன். சாயத்துக்கு அடியில் ஏதோ மூச்சு விடுவது போல ஒரு பள்ளம். பக்கத்தில் இன்னொன்று.

"இருக்கு," என்று சத்தம் போட்டேன். நான் சத்தம் போட்டதில் கணேசன் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தார்.

"அக்கா, மணி ஒண்ணே முக்கா. இந்தாங்க கம்பி பிரஷ்."

இரும்பைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் கெட்டியாக இல்லை. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கணேசன் பிரஷ்ஷை நீட்டிக்கொண்டே இருந்தார். என் மடியில் துருவாகக் கொட்டிய அந்த எண் ஞாபகம் வந்தது.

"வேணாம்," என்றேன்.

"நேரம் இல்லக்கா."

"மெல்லிசா இருக்கு. கை சொல்லுது. தின்னரும் பழைய துணியும் கொண்டா. லாரிய நிக்கச் சொல்லு."

கணேசனிடம் நான் அத்தனை நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மறுபேச்சு இல்லாமல் போனார். துணியைத் தின்னரில் நனைத்து இரும்பின் மேல் ஒட்டி வைத்துவிட்டு, கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். சாயம் தானாக இளகட்டும் என்று. தேய்க்கவில்லை, சுரண்டவில்லை. மழை கொஞ்சம் கொஞ்சமாக நூலாகிக்கொண்டு வந்தது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். துணியை எடுத்தபோது பச்சை அதோடு தோலாக வந்தது.

ஞாபகம் பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் வட்டம் இருந்தது என்பது என் ஆசையாகவும் இருக்கலாம். அதனால் நகத்தை நேராகக் கடைசிக்குக் கொண்டு போகவில்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "கிராண்ட கையில வச்சுக்கிங்க. நான் சொல்றது சரியா தப்பான்னு ஒண்ணும் சொல்லாதீங்க. மூஞ்சியையும் காட்டாதீங்க," என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

முதலில் நான்கு எழுத்து. அப்புறம் எண்கள். ஒவ்வொன்றாகத் தடவி, காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து, வந்ததைச் சொன்னேன். எல்லாம் தகட்டில் இருந்தது போலவே வந்தது. எட்டாவதும் அப்படியே. ஒன்பதாவது ஐந்து. அதுவும் அப்படியே. இதுவரை கிராண்டோடும் ஒத்ததுதான், மாறுவது கடைசி மட்டும். கணேசன் தரையைப் பார்த்தார்.

பத்தாவதில் நகத்தை வைத்தேன். நேர்கோடாக இருந்தால் ஒன்று. கீழிருந்து மேலே போனது. மேலே போய் நிற்கவில்லை. வளைந்தது. இறங்கியது. புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றது.

பூஜ்யத்தை நாம் என்ன சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும்.

"கோசோங்," என்றேன்.

ஸ்டெல்லா திரும்பவில்லை. கிராண்டைப் பின்னால் நீட்டினார், கணேசன் வாங்கிப் பார்த்தார். என் காகிதத்தைப் பார்த்தார். திரும்பக் கிராண்டைப் பார்த்தார். அதிலும் கோசோங். பிறகு வாசலுக்குப் போய் லாரிக்காரரிடம், "ஏத்துலா, ஏத்து," என்றார்.

சோதனை நிலையத்தில் அதிகாரி கீழே குனிந்து, கைவிளக்கு அடித்து, எண்ணைப் பார்த்துவிட்டுத் தகட்டையும் தன் கையில் கொடுக்கச் சொன்னார். நடந்ததைக் கணேசன் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். கார் ஸ்டெல்லா பெயருக்கு வந்துவிட்டது. டிரஸ்ஸர் ஐயாவின் தகடு சின்ன துரையின் காரில் எங்கே போனதோ. யாராவது ஒரு பட்டறையில் அதை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள் என்று சில சமயம் நினைப்பேன். அது உங்களிடமே வந்தாலும் வரலாம். வந்தால், முதலில் அதற்குக் கீழே இருக்கும் சாயத்தைப் பாருங்கள்.

"எப்படிக்கா அங்க இருக்குன்னு தெரிஞ்சது?" என்று அன்று ஸ்டெல்லா கேட்டார். "கை பட்டுச்சு," என்றேன். அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிறு தாண்டி ஒரு நாள் ஸ்டெல்லா காரைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் அவர் அம்மா, வெள்ளைச் சேலையில். ஒரு டப்பா நிறையப் பலகாரம் கொடுத்தார்கள். நான் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். விட மாட்டோம் என்று பின் சீட்டில் ஏற்றிவிட்டார்கள். கார் லுக்குட் கடைகளைத் தாண்டி மெதுவாகப் போனது. மாலை வெயில் கண்ணாடியில் பட்டுச் சீட்டெல்லாம் தேன் நிறமாக இருந்தது. அம்மா எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார். நான் யாருக்கும் தெரியாமல் குனிந்து, முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டேன்.

ஸ்டெல்லா கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"என்னக்கா, இன்னும் என்ன தேடுறீங்க?"

"தேடல," என்றேன். "எண்ணிக்கிட்டு வர்றேன்."